டிரம்முக்குள் போன நீல மனிதன்

தன் அப்பா சாவதைப் பார்ப்பதற்காக ஜெயசீலன் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு மேல்விஷாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினார். ஆம்பூரிலிருந்து வழி நெடுக ஜன்னலோர இருக்கைதான், காற்றும் நன்றாகத்தான் வந்தது. இருந்தும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஐம்பத்திரண்டு வயது. ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்‌ஷன் பார்க்கிற வேலை. அதாவது, பதனிட்ட தோலை மேசையில் விரித்து, காயம், தழும்பு, ஓட்டை பார்த்து ரகம் பிரிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் தோல் அவர் கண்ணைத் தாண்டிப் போகும். கிளம்பும்போது அம்மா ராஜம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, “போவாதடா சீலா, பாத்து இன்னா ஆவப்போவுது” என்று மூன்று தடவை சொன்னாள். அவளால் தாங்க முடியாது, அதனால் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு இவர் வந்துவிட்டார்.

விஷயம் இதுதான். 1976இல் மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் டேனரிக்காரர் வீட்டுப் பிள்ளை இஷ்தியாக் அகமது, வெளியூரில் சினிமா படித்துவிட்டு வந்து, அப்பன் சொத்தை ஒரு படத்தில் கொட்டினார். பெயர் ‘உப்புச் சூரியன்’. கதை என்று ஒன்று அதில் இல்லை. இருந்திருந்தால் அவரும் பிழைத்திருப்பார். பாகத் தகராறில் மூடிக்கிடந்த சொந்த டேனரியில் ரெண்டு மாதம் ஷூட்டிங். படத்துக்கென்றே ஒரே ஒரு லாட் ஆட்டுத்தோல் வாங்கிப் போட்டு, கலவை ஊர்ப் பக்கத்திலிருந்து நாலு ஆட்களைக் கூட்டிவந்து பதனிட்டார்கள். உள்ளூர் ஆள் ஒருவர்தான். அங்கே ஏற்கெனவே தோலைப் போட்டுச் சுற்றுகிற பெரிய மர டிரம்மை ஓட்டிக்கொண்டிருந்த கோதண்டபாணி. நல்ல உடம்பு, நல்ல முகம். அவருக்கு நீலச் சாயம் பூசி நடிக்க வைத்தார்கள். ஷூட்டிங்குக்குப் போன கோதண்டபாணி வீடு திரும்பவில்லை.

சில மாதம் கழித்து ஆற்காட்டில் ஒரு தியேட்டரில் வெள்ளிக்கிழமை காலைக் காட்சியாகப் படம் ஓடியது. ஓடியது அந்த ஒரே காட்சிதான். கடைசியில் நீல மனிதன் டிரம்முக்குள் போகிறான், கதவு மூடுகிறது, டிரம் சுற்றுகிறது, திறந்தால் ஆள் இல்லை, நீலத் தண்ணீரும் தோலும்தான் கொட்டுகிறது. அந்த இடத்தில் தியேட்டரில் ஒரு பெண் இடுப்பில் ரெண்டு வயதுப் பிள்ளையோடு எழுந்து நின்று, என் புருசனை இதில்தான் கொன்றுவிட்டார்கள் என்று கத்தினாள். அவள்தான் ராஜம்மாள். அந்தப் பிள்ளைதான் ஜெயசீலன்.

போலீஸ் வந்தது, தொட்டிகளை எல்லாம் இறைத்துப் பார்த்தது, பிணம் கிடைக்கவில்லை, கேஸ் மூடியது. ஆனால் ஊர் வாயை யார் மூடுவது? இஷ்தியாக் அகமதுவின் டேனரியில் அதன்பின் ஒருத்தனும் வேலைக்கு வரவில்லை. அன்றைக்கு மெட்ராசிலிருந்து வந்து படம் பார்த்த ரெண்டு சினிமாப் பைத்தியங்கள் பத்திரிகையில் எழுதியதில், யாரும் பார்க்காத அந்தப் படம் உலகத்தில் பாதிப் பைத்தியங்களுக்குத் தெரிந்துபோனது. ‘ஆளை விழுங்கிய படம்’ என்று அதற்குப் பெயர்.

போன வருடம் இஷ்தியாக் அகமது இறந்தார். பரணில் பதினோரு தகர டப்பாக்கள் இருந்தன. சென்னையிலிருந்து பழைய படங்களைக் காப்பாற்றும் சங்கத்து ஆல்வின் வந்து, டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து, ஃபிலிம் கெட்டுப் புளிப்பு வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது, உடனே காப்பாற்ற வேண்டும் என்றான். முதல் வேலையாக எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினான். வெளிநாட்டில் ஒரு விழாவில் திரையிட ஆள் தயார். ஆனால் நிஜச் சாவைக் காட்டுகிற படமாக இருந்தால் குடும்பத்தார் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்குத்தான் ஜெயசீலனைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜெயசீலன் வந்தது எழுதிக் கொடுக்க அல்ல. கண்ணால் பார்த்து, அதை வைத்து மறுபடி கேஸ் போட வந்தார். யூனியன் வக்கீலிடம் பேசியும் வைத்திருந்தார்.

கதவைத் திறந்தது இஷ்தியாக் அகமதுவின் மகள் நசீமுன்னிசா. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர், நாற்பத்தைந்து வயது இருக்கும்.

“வாங்கண்ணா. டீ குடிக்கிறீங்களா?”

“வேணாம் மேடம். போடுங்க, பாத்துட்டுப் போய்டறேன்.”

ஹாலில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். சுவரில் திரையாக ஒரு வெள்ளை வேட்டி. ஆல்வின் மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்திருந்தான். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், தாடி, கண்ணில் ஒரு பளபளப்பு. பிள்ளை பிறக்கப்போகிற வீட்டில் காத்திருப்பவன் போல இருந்தான்.

“சார், எங்கயாவது கஷ்டமா இருந்தா சொல்லுங்க, நிறுத்திடறேன்” என்றான்.

“நிறுத்தாத” என்றார் ஜெயசீலன்.

படம் ஆரம்பித்துப் பத்து நிமிடம் மனிதர் யாரும் பேசவில்லை. ஒரு ஆட்டுத்தலை மட்டும் பேசியது, அதுவும் கணக்கு வாய்ப்பாடு. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு கல்யாணப் பெண் எழுந்து வந்தாள், முகம் முழுக்க வெள்ளை. அவள் நடக்க நடக்க வானம் பச்சையாகி, சிவப்பாகி, சாயத் தண்ணீர் கலங்குவது போலக் கலங்கியது. நாதஸ்வரம் பின்னாலிருந்து முன்னால் வாசித்தது. வேறு நாளாக இருந்தால் ஜெயசீலன் சிரித்திருப்பார். இன்று தாடை இறுகியிருந்தது.

அப்பா எப்போது வருவார் என்று அவருக்குத் தெரியாது. வீட்டில் அப்பாவின் போட்டோ கிடையாது. கல்யாணப் போட்டோவை அம்மா எரித்துவிட்டாள், பார்க்கப் பார்க்க அழுகை வருகிறது என்று. ஆகவே திரையில் வருகிற ஒவ்வொரு ஆணின் முகத்தையும் இவரா, இவரா என்று தேட வேண்டியிருந்தது.

இருபத்தைந்தாவது நிமிடத்தில் வந்தார். தேட வேண்டியிருக்கவில்லை, ஜெயசீலன் தினம் சவரம் செய்கிற முகம் அது. சாயம் எதுவும் இல்லாமல், கட்டம் போட்ட சட்டையின் பட்டனைப் போட்டுக்கொண்டு நிற்கிறார். இருபத்துநாலு வயது. இவர் பிள்ளை வயது. பின்னால் கயிறு கயிறாகத் தோல்கள் உலர்கின்றன. ஒரு ரெக்ஸின் பையை எடுத்துக்கொண்டு அந்தத் தோல்களுக்கு நடுவே நடந்து, கேட்டைத் தாண்டி வெளியே போகிறார். அப்புறம் மறுபடி ஆட்டுத்தலை வந்துவிட்டது.

“அதான் அப்பா” என்றார் ஜெயசீலன். நசீமுன்னிசா தலையசைத்தார். அவருடைய விரல்கள் துப்பட்டாவின் நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தன. தன் அப்பா கொலைகாரரா இல்லையா என்று அவரும் இதே வெள்ளை வேட்டியில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் ஒரு மணி நேரம். நீல மனிதன் வந்தான், போனான், உப்பு மேட்டில் படுத்தான், உப்பைத் தின்றான். ஒவ்வொரு தடவை டிரம் திரையில் வரும்போதும் ஜெயசீலன் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் அது இல்லை. கடைசியில் அது வந்தது.

நீல மனிதன் டிரம்மின் வாயருகே நிற்கிறான். ரெண்டு பேர் சுண்ணாம்பு கழுவிய வெள்ளைத் தோல்களை உள்ளே வீசுகிறார்கள். கேமரா மிகக் கிட்டத்தில் போகிறது. ஒவ்வொரு தோலும் திரையை முழுசாக மூடி விலகுகிறது. அப்புறம் அவன் காலைத் தூக்கி வைத்து உள்ளே போகிறான். பலகைக் கதவை வைத்து இரும்புத் தண்டைப் போட்டு முடுக்குகிறார்கள். பட்டை வார் இழுக்கிறது. டிரம் சுற்ற ஆரம்பிக்கிறது.

சுற்றுகிறது. ஜெயசீலனுக்கு அந்த வேகம் தெரியும். முழங்கால் அளவு தண்ணீரும் முந்நூறு தோலும் உள்ளே புரளும்போது ஒரு ஆள் அதில் என்ன ஆவான் என்பதும் தெரியும். உள்பக்கம் முழுக்க மரமுளைகள். நாலு நிமிடம் அந்த ஒரே காட்சி, வெட்டே இல்லை. டிரம் நிற்கிறது. கதவைக் கழற்றுகிறார்கள். நீலத் தண்ணீர் கொட்டுகிறது, பின்னால் தோல்கள் கொட்டுகின்றன. ஆள் இல்லை. படம் முடிந்தது.

நசீமுன்னிசா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணா, நீங்க இன்னா முடிவு எடுத்தாலும் சரி” என்றார்.

ஜெயசீலன் அவரைப் பார்க்கவில்லை. வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, கொஞ்சம் பின்னால ஓட்டு. தோலு உள்ள போடற எடம்.”

ஆல்வின் ஓட்டினான்.

“நிறுத்து. இத.”

திரையில் ஒரு வெள்ளை ஆட்டுத்தோல். கழுத்தோரத்தில் மூன்று துளை, ஒரு வெட்டு. லாட் அடையாளத்துக்குக் குத்துவது. அதற்குக் கொஞ்சம் கீழே, உரிக்கும்போது கத்தி பட்ட அரைவட்டக் காயம், சணலால் நாலு தையல் போட்டு இழுத்துக் கட்டியது. மூன்றாவது தையல் கோணல்.

“இப்ப அப்பா பையெடுத்துக்கினு போற எடம். அந்த மொதல் கயிறு.”

தோல்கள் பழுப்பாகக் காய்ந்து தொங்கின. முதல் கயிற்றில் நாலாவது தோல். மூன்று துளை, ஒரு வெட்டு. அரைவட்டக் காயம். நாலு தையல், மூன்றாவது கோணல்.

அந்தக் காட்சியை மூன்று தடவை ஓட்டச் சொன்னார் ஜெயசீலன். மூன்று தடவையும் அதே தோல்தான். கம்பெனியில் இவரிடம் மேனேஜர்கூட வாதாடுவதில்லை. ஒருமுறை பார்த்த காயத்தை இவர் இன்னொரு காயத்தோடு குழப்பியதே கிடையாது.

“சார், என்ன இது? எனக்குப் புரியல” என்றான் ஆல்வின்.

“உனக்குப் புரியாது. நீ சினிமா பாக்கறவன்.” ஜெயசீலன் திரையைக் காட்டினார். “டிரம்முக்குள்ள இந்தத் தோலு வெள்ளையா போவுது. இங்க பட்டைச் சாயம் ஏறி, எண்ணெ வாங்கி, காஞ்சி தொங்குது. வெள்ளத் தோலு இப்படி ஆவணும்னா அந்தக் காலத்துல கொறஞ்சது பன்னண்டு நாளு. காஞ்ச தோலு திரும்ப வெள்ளை ஆவாது. படத்துல இத முன்னால ஒட்டியிருக்காரு, எடுத்தது அப்பால. டிரம்முக்குள்ள போய்ப் பன்னண்டு நாள் கழிச்சி எங்கப்பா சட்டை போட்டுக்கினு, பையத் தூக்கிக்கினு, கேட்டத் தாண்டிப் போறாரு.”

“அந்த நாலு நிமிஷம் வெட்டே இல்லையே சார்.”

“பின்பக்கம் இன்னொரு கதவு இருந்திருக்கும், சுத்தறதுக்கு முன்னாலயே எறங்கியிருப்பாரு. எல்லா டிரம்மும் ஒரே மாதிரி இல்ல.”

நசீமுன்னிசா ரெண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. “அல்லாவே, அல்லாவே” என்று மெல்லச் சொன்னார். ஐம்பது வருடம் ஊர் தூக்கி வைத்த பாரம் அது, இறங்கும்போது அழத்தான் செய்வார்கள். ஆனால் ஜெயசீலனுக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பார்க்க நெஞ்சுக்குள் ஏதோ திரண்டு வந்தது. இவருக்கு இறங்கவில்லை, ஏறியது. காலையில் பஸ் ஏறும்போது அவருக்குச் செத்துப்போன ஒரு நல்ல அப்பா இருந்தார். இப்போது அந்த இடத்தில் பட்டன் போட்டுக்கொண்டு கிளம்பிப்போன ஒருத்தன் நிற்கிறான்.

ஆல்வின் தொண்டையைக் கனைத்தான். “சார், தப்பா நினைக்காதீங்க. இத இப்போதைக்கு நமக்குள்ள வெச்சிக்கலாமா? அந்த மர்மத்துக்காகத்தான் படத்தைக் கேக்கறாங்க.”

அதுதான் தீக்குச்சி. ஜெயசீலன் எழுந்துவிட்டார்.

“அதான், அதுக்குத்தான். மேடம், உங்கப்பாவுக்கு இது தெரியும் இல்ல? அவருதான எடுத்தாரு. ஆளு உசிரோட போனது தெரிஞ்சிக்கினே அம்பது வருசம் வாயத் தொறக்கல. ஏன்? ஆளை முழுங்குன படம்னு பேரு வந்துச்சே, அதுக்கு. எங்கம்மா தாலியறுத்தது உங்கப்பாவுக்கு வெளம்பரம்.”

“அண்ணா, அப்படி இல்ல. அவர் இந்தப் படத்தைப் பத்தி வீட்டுல பேசினதே இல்ல.”

“பேசுவாரா? பேசினா கத கெட்டுடுமே. கொலைகாரன்னு நெனச்சிக்கினு இருந்தேன் அவர. கொலைகாரனே தேவல மேடம்.”

நசீமுன்னிசாவின் முகம் வெளுத்துப்போனது. ஜெயசீலன் கையெழுத்துப் போடவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது நடு மத்தியான வெயில் முகத்தில் அறைந்தது.

ஆம்பூர் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வந்தார். வேலூர் வருவதற்குள் அம்மாவிடம் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். பள்ளிகொண்டா தாண்டும்போது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். ஒவ்வொரு ஆடி மாதமும் அவள் இலை போட்டுப் படைத்து, எண்ணெய் வைக்காத தலையோடு உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. இருபத்திரண்டு வயதில் ஆரம்பித்தது. எழுபத்திரண்டு வயதில் எப்படிச் சொல்வது? உயிரோடு கிளம்பிப்போன ஒருத்தனுக்கு அவள் ஐம்பது இலை போட்டிருக்கிறாள். ஆம்பூரில் இறங்கும்போது எதுவும் முடிவாகியிருக்கவில்லை.

அம்மா கட்டிலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். தலை தூக்காமல், “பாத்தியா?” என்றாள்.

“பாத்தேன்.” செம்புத் தண்ணீரைக் குடித்தார். “ம்மா, ஒண்ணு சொல்வேன், பதறாத. அவரு டிரம்முல சாவல. அதுக்கப்பறம் பையத் தூக்கிக்கினு கேட்டத் தாண்டிப் போறது படத்துலயே இருக்குது.”

அம்மாவின் விரல் நின்றது. அப்புறம் ஒரு கொட்டையை எடுத்துத் தட்டில் போட்டாள். பதறவில்லை. ஜெயசீலன் அந்த முகத்தைப் பார்த்தார். அதில் ஆச்சரியம் என்பதே இல்லை.

“உனக்குத் தெரியும்” என்றார்.

“தெரியும்டா.”

“எப்போ?”

“அன்னிக்கே. மேக்கப்பு போட வந்த பொம்பளையோட பாம்பே போய்ட்டான். போறதுக்கு மொத நாளு வந்து, துணி எடுத்துக்கினு, உன்னத் தூக்கி முத்தம் குடுத்துட்டுத்தான் போனான். நான் கால்ல விழுந்தேன். நிக்கல.”

“அப்பறம் தியேட்டர்ல கத்தினியே.”

“திட்டம் போட்டுக் கத்தல.” அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். “ஒரு தரம் அவன் மூஞ்சியப் பாக்கலாம்னுதான் போனேன். நான் உள்ள போவும்போதே பாதிப் படம் ஓடிடுச்சு. அந்த டிரம்மு சுத்துச்சு. சுத்த சுத்த, இவன் இதுலயே செத்திருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்னு தோணுச்சு. தோணும்போதே வாய் கத்திடுச்சு. எல்லாரும் ஓடி வந்து புடிச்சிக்கினாங்க. அதுவரைக்கும் ஒரு மாதிரியா பாத்தவங்க எல்லாம் மடியில போட்டுக்கினு அழுதாங்க. செத்தவன் பொண்டாட்டின்னா ஊரு சோறு போடும். ஓடிப்போனவன் பொண்டாட்டின்னா, இவ இன்னா பண்ணாளோன்னு கேக்கும். வூட்டுக்கு வந்து தாலிய நானே அறுத்தேன்.”

ஜெயசீலன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருந்தது, அதைக் கேட்க அவருக்குப் பயமாக இருந்தது.

“படம் எடுத்த அந்த பாய்க்கும் தெரியுமா?”

“போலீசு உட்டதும் வந்தாரு. ‘ஏம்மா, அவன் போனது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்’னாரு. ஆமாங்க, ஆனா புள்ளைய வெச்சிக்கினு நான் இந்த ஊர்ல இருக்கணுமேன்னேன். ரொம்ப நேரம் நின்னாரு. போலீசுகிட்ட ஆளு வெளில போனான்னு மட்டும்தான் சொல்லியிருக்காரு, யாரோட போனான்னு சொல்லல. ‘இனிமே நான் யார்கிட்டயும் இதப் பத்திப் பேசமாட்டேன்’னு சொல்லிட்டுப் போனாரு. அதுக்கப்பறம் அந்தப் படத்த அவரு வெளியவே எடுக்கல.”

நசீமுன்னிசாவின் வெளுத்த முகம் ஜெயசீலனுக்கு முன்னால் வந்து நின்றது. கொலைகாரனே தேவல. அந்த வார்த்தையைத் தன் வாய்தான் சொன்னது என்று நினைக்க வெட்கமாக இருந்தது. எழுந்துபோய் எங்கேயாவது தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. விளம்பரத்துக்காக மறைத்தார் என்று பாயின் மகளிடம் கத்திவிட்டு வந்ததை அம்மாவிடம் சொன்னார். அம்மா மேலும் கோபம் வந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண் மேல் கோபப்பட முயன்றார், அது வரவில்லை.

“அந்தப் பொண்ணுக்கு போன் போடு” என்றாள் அம்மா.

“வேணாம்மா. நான் வேற மாதிரி சொல்லிக்கறேன். உன் பேரு வர வேணாம்.”

“உன் கண்ணுல பட்டத நீ சொல்லிட்ட. என் வாயில வந்தத நான்தான் சொல்லணும். போடு.”

போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். நாலு முறை அடித்தது, எடுக்க மாட்டார் என்று தோன்றியபோது, “சொல்லுங்க” என்று கேட்டது. குரல் கம்மியிருந்தது.

“அம்மா, நான் ராஜம்மா பேசறேன். சீலனோட அம்மா. உங்கப்பா கொலைகாரரு இல்ல, வெளம்பரத்துக்கு ஆசப்பட்டவரும் இல்ல. பொய் சொன்னது நானு. எனக்காக அவரு வாய மூடிக்கினு இருந்தாரு.”

எல்லாவற்றையும் சொன்னாள். ஜெயசீலனிடம் சொன்னதைவிடச் சுருக்கமாக, ஒன்றையும் விடாமல். லைன் அறுந்துவிட்டதோ என்று ஜெயசீலன் ரெண்டு தடவை போனைப் பார்த்தார். கடைசியில் நசீமுன்னிசா, “எங்கம்மா சாகற வரைக்கும் அவர சந்தேகப்பட்டாங்க” என்றார். கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

“தெரியும்மா. அது எம்மேலதான். உங்க படத்த எங்க வேணா காட்டுங்க, எது நெசமோ அத எழுதிக் காட்டுங்க. சீலன் கையெழுத்து போடுவான். இனிமே என்ன எவன் கேக்கப்போறான்.” அம்மா புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேட்டத் தாண்டிப் போறது இருக்குதாமே. போவும்போது திரும்பிப் பாத்தானா?”

மூன்று தடவை ஓட்டிப் பார்த்த காட்சி. கோதண்டபாணி தோல்களை விலக்கிக்கொண்டு போனார், கேட்டைத் திறந்தார், மூடினார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

“பாத்தாரும்மா” என்றார் நசீமுன்னிசா.

ஜெயசீலன் போனை அம்மா பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.